பூங்காத் தோட்டக்கலையில் விடுமுறைப் பயிற்சி

உயர்தர வகுப்பில் விவசாய விஞ்ஞானம் பயிலும் மாணவரும், விவசாயப் பாடசாலையில் முதலாம் ஆண்டை முடித்தோரும், ஆகஸ்ட் விடுமுறையை எவ்வாறு பிரயோசனமாகக் கழிக்கலாம் என அடிக்கடி வந்து விசாரிக்கின்றனர். பல்லேபொலப் பகுதியிலிருந்து பேராதனைத் தாவரவியற் பூங்கா எட்டாத தூரமன்று. மாத்தளைக்குப் போய், அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டியை அடைந்தால், கொழும்பு வீதியில் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றரில் பூங்காவின் வாயிலைக் காணலாம். அத்தகைய பொதுப் பூங்கா ஒன்றில் நான்கு அல்லது ஆறு வாரம் தொழிலாளருடன் நின்று வேலை பழகுதல் பற்றி இப்பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனை இப்பயிற்சிக்கு அனுப்ப ஒழுங்கு செய்தபோது, அவனுடைய தகப்பனார் என்னைத் தேடி வந்தார். "பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றவா, ஐயா, பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்புகிறோம்? அந்த வேலை வீட்டிலேயே கிடக்கிறதே" என்றார். கேள்வி நியாயமானது. அவருடைய வளவில் மிளகும் கொஞ்சம் கொக்கோவும் முப்பது சாதிக்காய் மரமும் நின்றன. சாதிக்காயை விதை நாற்றாக வாங்கி நட்டு, எட்டு ஆண்டு உரமிட்டு, கோடையில் தோளிற் சுமந்து நீரூற்றிக் காத்திருந்தவர் அவர். மரங்கள் பூத்தபின் பார்த்தால் பாதிக்கு மேல் ஆண் மரங்கள். ஒரு காயும் தராதவை. இவ்வாறு நட்டமடைந்த மனிதரிடம் அலங்காரச் செடியின் அழகைப் பற்றிப் பேசினால் அவர் கேட்பாரா? அன்று நான் சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பினேன். விரிவான விடையைக் கீழே தருகிறேன்.

பேராதனைப் பூங்கா

பேராதனைப் பூங்காவை 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பவர் ஆரம்பித்தார். அதற்கு முன் கொழும்பிலும் பின்னர் களுத்துறைப் பகுதியிலும் இருந்த தோட்டங்களிலிருந்தே செடிகள் இங்கு கொண்டுவரப்பட்டன. மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் விஞ்ஞானப் பெயருடன் உள்நாட்டுப் பெயர்களையும் சேர்த்திருந்தமை கவனிக்கத்தக்கது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீற்றர் உயரத்தில், மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோட, 147 ஏக்கர் நிலத்தில் இப்பூங்கா அமைந்துள்ளது. 1823 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் இந்நாட்டு ஓவியர் இங்கிருந்து செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார்; அவருக்குப் பின் அவருடைய புதல்வர்களும் அப்பணியைத் தொடர்ந்தனர். இதழை எண்ணி, இலை நரம்பைப் பார்த்து, கண்டதை மட்டும் வரைவதையே அவர்கள் தொழிலாகக் கொண்டிருந்தனர். பயிற்சிக்குப் போகும் மாணவர் இதை மனத்திற் கொள்ளட்டும்.

நாம் இன்று வயிறு வளர்க்கும் பல பயிர்கள் தாவரவியற் பூங்காக்களின் வழியாகவே இந்நாட்டில் காலூன்றின. அசாம் தேயிலை 1839இல் கல்கத்தாவிலிருந்து பேராதனைக்கு வந்தது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த இறப்பர் விதைகள் இங்கிலாந்தின் கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டு, 1876இல் 1,919 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றை வளர்ப்பதற்கென்றே கம்பஹாவில் ஹேனரத்கொடைத் தோட்டம் உண்டாயிற்று. அக்காலத்துக் கப்பற் பயணத்தில் உப்புக் காற்று படாமல் கன்றைக் காப்பாற்றிய அந்த மூடிய கண்ணாடிப் பெட்டியின் தத்துவமும், இன்று நாம் வெட்டுத்துண்டுகளை வேர்விடச் செய்யும் பொலித்தீன் கூண்டின் தத்துவமும் ஒன்றே. உள்ளே வெளியேறும் ஈரம் உள்ளேயே தங்கும்; இலை வாடாது; வேர் வரும்வரை துண்டு உயிர் பிழைக்கும்.

பூங்கா வழியாக நன்மை மட்டும் வந்ததென்று கூற முடியாது. இலையின் ஊதா நிற அடிப்பக்கத்திற்காக 1888இல் பேராதனைக்குக் கொண்டுவரப்பட்ட மைகோனியா என்னும் தென்னமெரிக்கச் செடி பின்னர் மலைநாட்டுக் காடுகளில் களையாகப் பரவியது. பசிபிக் தீவாகிய தாகித்தியில் 1937இல் ஒரு தோட்டத்தில் நடப்பட்ட அதே செடி அத்தீவின் காடுகளைப் பெருமளவில் மூடிவிட்டது. கோப்பி இலைத்துரு நோய் 1869இல் இங்கு கண்டறியப்பட்டபோது, பேராதனைப் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்தே அப்பூசணத்திற்குப் பெயரிடப்பட்டது. சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஆகவே பயிற்சி முடிந்து திரும்பும்போது, அழகாயிருக்கிறதென்று ஒரு கிளையை ஒடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருதல் சிறு திருட்டு என்பதோடு நின்றுவிடாது. அதில் ஒட்டியிருக்கும் செதிற்பூச்சியும் பூசணமும் நம் மிளகுக்கு வந்து சேரும்.

செல்லுமுன் செய்ய வேண்டியவை

முன்னர் விவசாயத் திணைக்களத்தின் கீழிருந்த இப்பூங்காக்கள் 2006ஆம் ஆண்டு முதல் தேசிய தாவரவியற் பூங்காத் திணைக்களத்தின் நிர்வாகத்தில் உள்ளன. எனவே அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தை அத்திணைக்களத்திற்கு, பாடசாலை அதிபரின் மூலமாக, விடுமுறைக்குப் பல மாதம் முன்பாகவே அனுப்புதல் வேண்டும். எந்தப் பிரிவில் வேலை பழக விருப்பம் என்பதைக் குறிப்பிட்டு எழுதுவது நன்று. "எதுவாயினும் சரி" என்று எழுதுபவருக்கு எதுவும் சரியாகக் கிடைப்பதில்லை.

உடன் கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. கூரான ஒட்டுக்கத்தி, கைக்கத்தரி, பென்சில், தடித்த அட்டையுள்ள கொப்பி, மழைக்கு ஒரு சாக்கு அல்லது உறை, அட்டைக்கடிக்குச் சவர்க்காரம். புதுச் சப்பாத்து வேண்டாம்.

நீரூற்றுதல்

தகப்பனார் ஏளனமாகக் கூறிய இவ்வேலையையே முதலில் எடுத்துக்கொள்வோம். நாற்றுமேடையில் புதிதாக வரும் மாணவரிடம் முதல் நாள் பூவாளியைக் கொடுப்பதே வழக்கம். பெரும்பாலானோர் அதை அவமானமாக எண்ணுகின்றனர். ஆனால் அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரைப் பத்து நிமிடம் கவனியுங்கள். அவர் எல்லாச் சட்டிக்கும் ஒரே அளவில் ஊற்றுவதில்லை. சட்டியைக் கையில் தூக்கிப் பாரத்தை அறிகிறார். மண்ணில் விரலை முதற் கணுவரை நுழைத்துப் பார்க்கிறார். மேற்பரப்பு காய்ந்திருந்தும் உள்ளே ஈரமிருந்தால் விட்டு நகர்கிறார். முளைத்து இரு இலை விட்ட நாற்றுகளுக்கு மெல்லிய துளையுள்ள முகப்பையும், பெரிய கன்றுகளுக்கு அகன்ற துளையுள்ள முகப்பையும் மாற்றுகிறார். மாலையில் இலை நனைய ஊற்றுவதைத் தவிர்க்கிறார்.

நாற்றுகள் அடித்தண்டு கருகி ஒரே இரவில் சாய்ந்து விழும் நாற்றழுகல் நோய்க்கு மிகை நீரும், நெருக்கமாக விதைத்தலும், காற்றோட்டமின்மையும் துணை செய்கின்றன. நம்மூரில் மிளகாய், கத்தரி நாற்றுமேடைகளில் ஒவ்வொரு பெரும்போகத்திலும் இதே நட்டத்தைக் காண்கிறோம். மருந்து தெளிக்க ஓடுகிறோம். பூவாளியைக் குறைத்துப் பிடிப்பதில்லை.

சட்டிக் கலவையைப் பொறுத்தவரை மேல்மண், மணல், உக்கிய சாணம் அல்லது கூட்டெரு, தும்புத்தூள் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்தால் பெரும்பாலான நாற்றுக்குப் போதுமானது.

பெயர்ப் பலகை

பூங்காவில் ஒரு செடி வந்து சேர்ந்ததும் அதற்கு ஓர் இலக்கம் கொடுக்கப்படுகின்றது. எந்த ஆண்டு வந்தது, எங்கிருந்து, யார் கொணர்ந்தார், விதையாகவா கன்றாகவா என்பன பதிவேட்டில் எழுதப்படுகின்றன. செடியில் தொங்கும் தகட்டில் அந்த இலக்கம் இருக்கும். இதை அலுவலக வேலையென்று கருதுவது தவறு. பூங்காவுக்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாடே இந்தத் தகடுதான்.

என் அனுபவம் ஒன்றைக் கூறுவேன். நான் பயிற்சி மாணவனாயிருந்த காலத்தில், ஒரு நாற்றுமேடையில் திடீரென மழை பிடித்துக்கொண்டது. தட்டுகளை அவசரமாகக் கொட்டகைக்குள் மாற்றினேன். பெயர்த் தகடுகள் இடைஞ்சலாயிருந்ததால் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு வாளியிற் போட்டு, பின்னர் நினைவின்படி திரும்பக் குத்தினேன். இரு வகை நாற்றுகள். இரண்டு இலைப் பருவத்தில் எவராலும் வேறுபடுத்த முடியாதவை. மறுநாள் மேற்பார்வையாளர் வந்து கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. இரு தட்டையும் எடுத்துக் கூட்டெருக் குழியிற் கவிழ்த்துவிட்டு வரச் சொன்னார். ஏறத்தாழ இருநூறு நாற்று. எல்லாம் நோயற்றவை, செழிப்பானவை. குழியருகே நான் நின்ற நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சாதிக்காய் நட்ட அந்தத் தகப்பனாரின் கதையும் இதுவேதான். அவர் வாங்கிய நாற்றுக்குத் தாய்மரம் எது என்று எவருக்கும் தெரியாது.

தகட்டில் மையால் எழுதினால் வெயிலில் ஒரு பருவத்தில் மங்கிவிடும். அலுமினியத் தகட்டில் சாதாரண பென்சிலால் அழுத்தி எழுதினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கட்டும் கம்பியை இறுக்கிக் கட்டலாகாது. மரம் பருக்கும்போது கம்பி பட்டையை வெட்டும்.

கிளையின் திசை

இப்பகுதி மாணவருக்கு மிக அவசியமான பாடம் இதுவென நினைக்கிறேன். சில மரங்களில் நிமிர்ந்து வளரும் தண்டும் பக்கவாட்டில் வளரும் கிளையும் தம் குணத்தை மறப்பதில்லை. பக்கக் கிளையிலிருந்து எடுத்த துண்டு, தனிச் செடியானபின்னும் பக்கவாட்டிலேயே படர்கின்றது. பூங்காக்களில் வளர்க்கப்படும் அரௌகாரியா இன மரங்கள் இதற்குச் சிறந்த சான்று. கொக்கோவில் நிமிர்ந்த தண்டும் விசிறிக் கிளையும் இவ்வாறே. மிளகில் படர்ந்தேறும் தண்டிலிருந்து எடுத்த துண்டு தாங்குமரத்தைப் பற்றி ஏறும். காய்க்கும் பக்கக் கிளையிலிருந்து எடுத்தது ஏறாது, புதராக நிற்கும். சட்டியில் வளர்க்கும் புதர்மிளகுக்கு அதுவே வேண்டும். தோட்டத்துக்கு அது உதவாது.

அரௌகாரியாவைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று கூறலாம். பேராதனையில் குக் பைன் என்னும் அரௌகாரியா மரங்கள் வரிசையாக, வளைந்தும் சரிந்தும் நிற்பதைக் காண்பீர்கள். உலகின் பல பாகங்களிலும் இவ்வின மரங்கள் பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்கின்றன என 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. திசைகாட்டி ஒன்றைக் கொண்டுபோய், பேராதனை மரங்கள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என நீங்களே அளந்து கொப்பியிற் குறியுங்கள். காசு செலவில்லாத நல்ல அப்பியாசம்.

மிளகுத் துண்டுகளை விரைவிற் பெருக்க 1970களில் இலங்கையில் உருவான மூங்கில் முறையையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். நெடுக்காகப் பிளந்த மூங்கிலைச் சாய்வாக வைத்து, அதன் குழிவில் தும்புத்தூளும் கூட்டெருவும் நிரப்பி, கொடியின் ஒவ்வொரு கணுவும் அக்கலவையிற் படியும்படி கட்டிச் செல்வர். ஒவ்வொரு கணுவிலும் வேர் வந்துவிடும். கொடி மூங்கிலின் நுனியை அடைந்ததும் குருத்தைக் கிள்ளி, கணுவரும்புகள் விழித்தபின், கணுவுக்கு ஒன்றாக வெட்டிச் சட்டியில் நடலாம்.

மரமும் மக்களும்

பொதுப் பூங்காவில் வேலை செய்பவர் மரத்தை மட்டும் பார்த்தாற் போதாது. மரத்தின் கீழ் நிற்பவரையும் பார்த்தல் வேண்டும். பேராதனையின் பெரும் புற்றரையில் பந்தல்போற் படர்ந்து நிற்கும் ஜாவா அத்தியின் நிழலில் விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக அமர்ந்திருப்பர். மேலே ஒரு காய்ந்த கொம்பு இருந்தால் அது என்றோ ஒருநாள் கீழே வரும். பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் பெருமரங்களில் தொங்கி, நுனிக் கிளைகளை மொட்டையாக்குகின்றன. அவற்றை வெறும் பீடையென்று தள்ளவும் முடியாது. இரவில் மகரந்தத்தைச் சேர்ப்பதும் விதையைக் காட்டில் இறைப்பதும் அவையே.

மாணவர் மரமேறுதல் கூடாது. கீழ்நின்று, பெருங்கிளையை வெட்டும் முறையைக் கவனித்தாற் போதும். முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்புறத்திற் சிறு வெட்டு. பின் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிக் கிளையை விழுத்துதல். கடைசியாக, எஞ்சிய குற்றியைக் கிளைக்கழுத்தின் புடைப்புக்கு வெளியே அறுத்தல். முதல் வெட்டு இல்லாவிடில் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். பழைய கைந்நூல்கள் காயத்தில் தார் பூசும்படி கூறின. இப்போது அது வேண்டியதில்லை எனக் கொள்ளப்படுகின்றது. கிளைக்கழுத்தைச் சிதைக்காமல் வெட்டினால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும்.

வருவோர் கேள்வி கேட்பர். சாதிக்காயைச் சிங்களத்தில் சாதிக்கா என்றும், கறுவாவைக் குருந்து என்றும், தாளிப்பனையைத் தல என்றும் சொல்லத் தெரிந்திருத்தல் நன்று. தாளிப்பனை வாழ்நாளில் ஒரே தடவை, பல பத்தாண்டுகளுக்குப் பின் பூத்து, காய் முதிர்ந்ததும் பட்டுப்போகும். அதன் ஓலையே இந்நாட்டு ஏட்டுச் சுவடிகளுக்கு ஆதாரம். நம் மாத்தளை அலுவிகாரையில் ஏடெழுதும் முறையைப் பார்த்தவர்கள் அதே மரத்தைப் பூங்காவில் அடையாளங் காணலாம்.

யாழ்ப்பாணத்து உறவினர் உள்ள மாணவருக்கு இன்னொன்று எளிதில் விளங்கும். பேராதனையில் சீசெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் மரங்கள் உண்டு. தாவர உலகில் மிகப் பெரிய விதை அதனுடையது. அவ்விதை முளைக்கும்போது கயிறுபோன்ற நீண்ட தண்டொன்றை மண்ணுக்குள் அனுப்பி, அதன் நுனியிலேயே கன்றை உண்டாக்குகின்றது. அதனால் முளைத்த கன்றை இடம் மாற்றுதல் மிகக் கடினம்; நிலையாக நிற்க வேண்டிய இடத்திலேயே விதையை இடுவர். இதைக் கேட்டதும் பனங்கிழங்கு நினைவுக்கு வரவில்லையா? பனம் பாத்தியில் நடப்பதும் இதுவே. 1887இல் நடப்பட்ட பனைச் சாலை ஒன்றும் இப்பூங்காவில் உண்டு.

நாட்குறிப்பு

ஒவ்வொரு மாலையும் அரைப் பக்கம் எழுதினாற் போதும். "இன்று ஒட்டு வேலை பழகினேன்" என்று எழுதுவது வீண். எத்தனை ஒட்டு, எந்தத் தாய்மரம், ஒட்டுக்கொம்பு நிமிர்ந்ததா பக்கத்ததா, வானிலை எப்படி, எத்தனை நாளிற் கட்டை அவிழ்த்தது, எத்தனை பிடித்தது என்பன வேண்டும். பிடிக்காதவற்றையும் எழுதுங்கள்.

பேராதனை ஈர வலயத்திலும் பல்லேபொல இடை வலயத்திலும் உள்ளன என்பதைக் குறிப்பின் முதற் பக்கத்தில் எழுதி வைக்கவும். அங்கே ஆகஸ்டில் திறந்த வெளியில் நிற்கும் இளங்கன்று இங்கே வைகாசி முதல் புரட்டாதி வரையான வரட்சியிற் கருகிவிடும். அங்கு கண்டதை இங்கு செய்யும்போது நிழலும் மூடுபடையும் மேலதிகமாக வேண்டும். நடுகையைப் பெரும்போக மழையோடு பொருத்துதல் வேண்டும்.

திரும்பி வந்தபின்

அம்மாணவன் ஆறு வாரம் கழித்து வந்தான். தகப்பனாரின் சாதிக்காய் மரங்களைப் பூக்கும் காலத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆண் பூக்கள் கொத்தாகவும் பெண் பூ பெரும்பாலும் தனித்தும் இருப்பதைக் கொண்டு பிரித்தான். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் மகரந்தத்திற்குப் போதுமாதலால், காவலாக இரண்டு ஆண் மரங்களை விட்டு, மற்றவற்றில் நான்கை மட்டும் அவ்வாண்டு எடுத்துக்கொண்டான். சில கிளைகளை உணவுக்கென விட்டு, தண்டை இடுப்புயரத்தில் வெட்டி, வெட்டின் கீழ் எழுந்த இளந்தளிர்களில், நன்கு காய்க்கும் பெண் மரத்தின் அரும்பைப் பதித்தான். மரத்தை வெட்டிய அன்று தகப்பனார் வீட்டில் நிற்கவில்லை.

முதல் முயற்சியிற் பதித்த பன்னிரண்டில் மூன்றே பிடித்தன. அவற்றில் இரண்டு பக்கவாட்டிற் சாய்ந்து வளரத் தொடங்கின. நாட்குறிப்பைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது: ஏணி எட்டாததால் பக்கக் கிளையிலிருந்து அரும்பு எடுத்திருந்தான். அடுத்த மழையில் நிமிர்ந்த தளிர்களிலிருந்து மட்டும் எடுத்தான். இம்முறை பாதிக்கு மேல் பிடித்தன. அதோடு வெற்றிடங்களுக்கென, சாதிபத்திரியை நீக்கிய புதுக்கொட்டைகளை உலரவிடாமல் சில நாளுக்குள் ஓட்டுடனேயே மணலில் இட்டு, ஒன்று முதல் மூன்று மாதத்தில் முளைத்த நாற்றுகளைத் தாய்க்கட்டையாக்கிப் பெண் மரக் கொம்பை ஒட்டினான்.

கடந்த மாதம் அவ்வழியே போனபோது வளவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒட்டுக் கன்று ஒவ்வொன்றிலும் பழைய பால்மாப் பேணியிலிருந்து வெட்டிய தகடொன்று தொங்கியது. தாய்மரத்தின் இலக்கமும் ஒட்டிய தேதியும் அதில் ஆணியாற் கீறப்பட்டிருந்தன. எழுத்து மகனுடையதன்று, தகப்பனாருடையது. கம்பியை ஏன் இவ்வளவு தளர்வாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று வேண்டுமென்றே கேட்டேன். "மரம் பருக்கும் ஐயா" என்றார்.